தட்ட மறந்த குழாய்

ஈனாக் ரிம்மர் லிவர்பூலில் இருபது வருஷம் கப்பல் கடிகாரங்களைப் பழுது பார்த்தவர். அவருடைய கைப்பக்குவத்துக்காகவே பேராசிரியர் தாக்வெல் அவரைக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். அங்கே விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று, உள்ளே இரும்புத்தூள். தூரத்தில் மின்பொறி வெடித்தால் கம்பியே இல்லாமல் அதன் அலை வந்து பட்டுத் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும், அதைக் காட்டச் சுவரில் விழும் ஒளிப்பொட்டு நகரும். பிறகு யாராவது குழாயைத் தட்டித் தூளை உதிர்த்தால்தான் அடுத்த சைகை தெரியும். ஈனாக்கின் வேலை அந்தத் தட்டு.

"ஊரே கப்பல் விடுது, எம் புருஷன் குழாய்க்கு முதுகு தட்டிவிடுறாரு" என்று மனைவி ஹெப்சிபா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு அதில் கோபமில்லை. இத்தனை நாளில் ஒரு தட்டுகூடத் தவறியதில்லை என்ற கர்வம் மட்டும் உண்டு.

1895 மார்ச்சில் ஒரு மதியம் கல்லூரி நிர்வாகக் குழுவினர் மூவர் பார்க்க வந்தார்கள். அலை வந்தால் ஆய்வுக்கூடம் நிலைக்கும், இல்லையென்றால் ஈஸ்டருக்குள் பூட்டு. குழுத் தலைவர் பர்கெட், பஞ்சு வியாபாரி. எந்த நேரமும் எழுந்து போகிறவராகத் தொப்பியை மடியிலேயே வைத்திருந்தார். முற்றத்துக்கு அப்பால் மணிக்கூண்டில் உதவியாளர் ஹெஸ்கெத் காத்திருந்தார். மூன்று மணியிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு பொறி விடுவதாக ஏற்பாடு.

மூன்றுக்கு ஒரு நிமிஷம் இருக்கையிலேயே பொட்டு நகர்ந்தது. விருந்தினர் கைதட்டினார்கள். பேராசிரியரின் முகம் மலர்ந்தது.

ஈனாக் கைதட்டவில்லை. அதே நொடியில் தாழ்வாரத்தில் வாயில்காப்பாளரின் மின்மணி அடித்ததை அவர் கேட்டிருந்தார். அந்த மணிக்குள்ளும் பொறி உண்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் பொய் நேரம் காட்டும் கடிகாரத்தை அவர் எந்தக் கப்பலிலும் ஏற்றியதில்லை.

"ஐயா, அது ஹெஸ்கெத் இல்ல. நம்ம வாசல் மணி."

கைதட்டல் அப்படியே நின்றது. "அப்போ இவ்வளவு நேரம் நாம பால்காரனுக்கா கைதட்டினோம்?" என்றார் பர்கெட். மற்ற இருவரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை.

ஈனாக் ஓடிப்போய் மணியின் கம்பியைப் பிடுங்கி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். மணிக்கூண்டில் மூன்று அடித்தது. பொட்டு அசையவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. பர்கெட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"ரிம்மர், தூள் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார் பேராசிரியர்.

அப்போதுதான் ஈனாக்குக்கு உறைத்தது. மணியால் ஒட்டிய தூள் இன்னும் ஒட்டியபடியே இருந்தது. ஹெஸ்கெத் அனுப்பியதெல்லாம் வீண். உண்மையைச் சொல்லப் போன அவசரத்தில் அவர் தன் ஒரே வேலையை மறந்திருந்தார்.

விரலால் ஒரு தட்டு தட்டினார். பொட்டு தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

"தப்பு என்னோடதுங்க. நான் தட்டல. ஒரே ஒரு நிமிஷம் நில்லுங்க."

பர்கெட் கதவருகே நின்றார். பொட்டு நகர்ந்தது. ஈனாக் தட்டினார். அடுத்த நிமிஷமும் நகர்ந்தது.

"இதுவும் வாசல் மணி இல்லன்னு நான் எப்படி நம்புறது?" என்றார் பர்கெட்.

ஈனாக் பையிலிருந்த கம்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். பர்கெட் அதைப் புரட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க, அடுத்தது வரட்டும்."