பொங்கலன்று தோற்றுப்போன மலிவுக் கட்டணம்

கர்க்லாண்ட் என்ற குளிர்நாட்டு ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டின் சூடாக்கி மின்சாரத்திலும் ஓடும், எண்ணெயிலும் ஓடும். அத்தகைய வீடுகளுக்கு ஒரு தனி மின்கட்டணம் இருந்தது. சாதாரண நேரங்களில் மின்சாரம் மலிவு. கடுங்குளிரில் சூடாக்கி எண்ணெய்க்கு மாறிவிடும். அப்போது அடுப்பு, விளக்கு எல்லாவற்றுக்கும் மின்சாரம் பல மடங்கு விலை.

“உடன மாறுவம்,” என்றார் என் கணவர்.

நான் வீட்டிலிருந்தே ரோல்ஸ், பற்றிஸ் போன்ற சிற்றுண்டிகள் செய்து விற்பவள். “பொறுங்கோப்பா. மாறினமாதிரி நினைச்சு ஒரு கிழமை இருந்து பாப்பம். கடுங்குளிரெண்டால் அடுப்பு போடக்கூடாது, சரியோ?” என்றேன்.

“ஓம், அதுக்கென்ன!”

அந்த ஏழு நாளுக்குள்தான் தைப்பொங்கல் வந்தது. விடியும்போதே மூக்கு விறைக்கும் குளிர். நான் சொன்னபடி அடுப்பைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு குசினியில் நின்றேன். பிள்ளைகள் பொங்கல் எங்கே என்று கேட்டார்கள். கணவர் தேநீர்கூட இல்லாமல் அங்குமிங்கும் நடந்தார்.

“பொங்கலுக்குப் பொங்காமல் இருக்கேலுமே?” என்று கடைசியில் அவரே அடுப்பைப் போட்டார். பால் பொங்கி வழிந்து புகைந்ததில் அலாரம் அலறியது. பிள்ளைகள் அதைவிடச் சத்தமாக “பொங்கலோ பொங்கல்!” என்று கத்தினார்கள். பயந்து ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுப் பெண்மணி, இரண்டு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு, “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொல்லிப் போனார்.

குளிர் கூடினால்தான் எங்கள் வீட்டில் சமையலும் கூடும், அந்தத் திட்டத்தில் மின்சாரம் விலை கூடுவதும் அப்போதுதான் என்பது அன்று புரிந்தது. நாங்கள் அந்தக் கட்டணத்துக்கு மாறவில்லை. இப்போது எந்த மலிவுத் திட்டம் வந்தாலும், முதலில் சில நாள் அதன்படி வாழ்ந்து பார்க்கிறோம்.