கொழுந்தனார் பார்க்கக் கூடாத பதிவு

மகப்பேறு மருத்துவத்தில் எனக்கு அது முதல் வருடப் பயிற்சி. வில்லியனூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் காகிதத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். நோயாளி சொல்லச் சொல்ல நாங்கள் தட்ட வேண்டும்.

சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தலைப்பிள்ளை, ஆறாம் மாதம். வேறு ஏதும் நோய் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டேன். கூட வந்த மாமியார் தண்ணீர் குடிக்க வெளியே போகும்வரை அவள் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னாள்: சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு, கல்யாணத்தின்போது மறைத்துவிட்டார்கள், புகுந்த வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். நான் தட்டத் தொடங்கியதும் எட்டி என் கையைப் பிடித்தாள்.

"இத்த கம்ப்யூட்டர்ல ஏத்தாதீங்க மேடம். எங்க கொழுந்தனாரு இங்கதான் கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல வேல செய்யுறாரு. தெரிஞ்சா என்னய அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. எழுதாமல் விட்டு, அவளுக்குத் திடீரென்று வலிப்பு வந்தால்? பணியில் இருக்கும் டாக்டர் அதைக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பால் வந்தது என்று நினைத்து வேறு மருந்து கொடுத்துவிடலாம்.

என் பேராசிரியையிடம் ஓடினேன். பதிவைப் பூட்டிவிடலாம், எங்கள் பிரிவு டாக்டர்களுக்கு மட்டும்தான் திறக்கும் என்றார். அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். அரை மனதோடு சம்மதித்தாள். மறுபடி எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தைராய்டுக்கு என்று வீட்டில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

மறுநாள் மதியம் வார்டு வாசலில் ஓர் இளைஞர் எனக்காகக் காத்திருந்தார். கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை.

"எங்க அண்ணி பேர்ல மட்டும் தொறக்க மாட்டேங்குது மேடம். மத்தவங்களுது எல்லாம் தொறக்குது. அவங்களுக்கு இன்னா?"

எதையும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, உங்கள் அண்ணியிடமே கேளுங்கள் என்றேன். பெரிய நோயா என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையைக்கூட அசைக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு அவள் வரவில்லை. அவள் கொடுத்திருந்த போன் எண் அணைந்திருந்தது. கிராமச் செவிலியரை விசாரிக்கச் சொன்னேன். மருமகள் மடுகரையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று மட்டும் சொல்லி மாமியார் கதவைச் சாத்திக்கொண்டாராம். தினமும் வெள்ளைக் கோட்டு மாட்டுவதற்கு முன்பே சேர்க்கைப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். அவள் பெயர் அதில் இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். இல்லாவிட்டாலும் பயமாகத்தான் இருக்கும்.

அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்தபோது ஒரு நாள் அந்தப் பெயர் இருந்தது. பிரசவ அறைக்கு ஓடினேன். ஆட்டோவிலேயே வலிப்பு வந்து நினைவில்லாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். பணியில் இருந்த சீனியர் பதிவைத் திறந்து பார்த்துச் சரியான ஊசியைப் போட்டிருந்தார். உடனே அறுவை சிகிச்சைக்கு எடுத்தார்கள். குழந்தை அழ நேரமானது. பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள்.

வெளியே கொழுந்தனார் ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்தியபடி நின்றிருந்தார். அவளுடைய அம்மா முதலில் அவருக்குத்தான் போன் செய்திருக்கிறார்.

"பூட்டி வச்சிருந்ததால கேன்சர்னு நெனச்சிட்டேன் மேடம். வூட்ல போயி சொல்லிட்டேன். அதுல பயந்துதான் எங்க அம்மா அவங்கள அனுப்பிட்டாங்க. வலிப்புன்னு தெரிஞ்சிருந்தா நானே மாத்திர வாங்கியாந்து குடுத்திருப்பேன்."

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். முன்பே தெரிந்திருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று கணவர் வந்தார். மூவரும் மடுகரைக்குத்தான் போனார்கள். குழந்தையின் முதல் தடுப்பூசிக்கு மாமியாரும் கூட வந்தார். குழந்தையை அவர்தான் மடியில் வைத்திருந்தார். மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.