நானே கழற்றிக் கொடுத்த அட்டை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். ஒரு சனிக்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய இங்கிலீஷ் பட்டியலில் என் பெயர் இருந்தது. அதைத் தவிர வேறெதையும் படிக்கத் தெரியவில்லை. ஆள் குறைக்கிறார்கள் என்று நானே முடிவு செய்தேன். கேட்கக் கூச்சம். அவர்கள் துரத்தும் முன் போய்விடலாம் என்று, கான்ட்ராக்டரிடம் வேலை வேண்டாம் எனச் சொல்லி அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். போனை அணைத்துவிட்டு சொந்த ஊரான அஞ்செட்டிக்கு பஸ் ஏறினேன்.

ஐந்தாம் நாள் போனை ஆன் செய்ததும், கூட வேலை செய்த மஞ்சுநாத் கூப்பிட்டான்.

"எங்கண்ணா போய்ட்ட? அது பர்மனென்ட் பண்ற லிஸ்ட்டுண்ணா! நீ வேணாம்னதும் வேற ஆளைப் போட்டுட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா படிச்சுச் சொல்லியிருப்பேனே!"

என்னை யாரும் துரத்தவில்லை.

இப்போது வேறு கம்பெனியில் மறுபடியும் கான்ட்ராக்ட். மனசு இன்றும் முதலில் கெட்டதைத்தான் சொல்கிறது. அதை நம்புவதற்கு முன், கூசிக்கொண்டாவது ஒருவரைக் கேட்டுவிடுகிறேன்.

கம்பெனிதான் என்னை நிறுத்தியது என்று என் மனைவி இன்னும் அவர்களைத் திட்டுகிறாள். இதைப் படித்தாவது அவள் தெரிந்துகொள்ளட்டும்.

கார்த்திகை ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை.