அக்காவைக் கூப்பிட்ட குரல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்கள் பலருக்கு அவருடைய சிரித்த முகம் மட்டுமே தெரியும். இடையில் சில மாதங்கள் அவரை நாங்கள் இழந்திருந்தோம். அதைத் தம்பியாகிய நான் எழுதுவதே முறை.

அக்கா லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே ரப்பர்ப் பால் வெட்டிய அம்மா இறந்தபோது அவருக்கு வயது பதினேழு. பிறகு செனாவாங் தொழிற்சாலையில் சேர்ந்தார். மின்சாதனப் பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

நான் மோட்டார் விபத்தில் நினைவின்றிக் கிடந்தபோது, தோட்டத்து மாரியம்மனிடம் அக்கா வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். அன்று முதல் அவர் கறி, மீன், முட்டை, பால் தொடவில்லை. உப்புக்கஞ்சியும் வெறும் கோப்பியுமே அவருடைய உணவு. நானும் என் மனைவியும் அதைப் பெருமையாகப் பேசித் திரிந்தோம்.

அந்த விரதத்தின் ஐந்தாம் ஆண்டில் கீறல் விழுந்த பாகங்கள் அவர் கையைக் கடந்து போயின. பேச்சை நடுவில் விட்டுவிட்டு விழிப்பார். ஒரு நண்பகல் நான் சாப்பிட நாற்காலியை இழுத்தேன்.

"அங்க உக்காராதடா. அம்மா இருக்காங்கல்ல."

காலி நாற்காலியின் முன்னால் மீன்குழம்பு ஊற்றிய சோறு இருந்தது. எதிரில் அக்கா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா வரும்போது, ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் வாடை வீசும் என்பார். ஒருநாள் எனக்கும் அந்த வாடை அடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்க அழைத்துப்போனோம். கஞ்சியையும் நிறுத்திப் பழம் மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். அப்படியே செய்தோம்.

ஒரு காலை அக்காவைக் காணவில்லை. அம்மா பால்வெட்டிய பழைய மர நிரையில், செருப்பில்லாமல் நின்றிருந்தார்.

"கால்ல ரத்தம் ஊத்துது, வலிக்கலியா அக்கா?"

"ரத்தமா? எங்கடா?" என்றவர், மரங்களுக்குள் பார்த்தபடி சொன்னார். "அம்மா கூப்பிடறாங்க. நான் போகலன்னா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்."

காயத்துக்காகத்தான் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா அக்காவின் நாக்கைப் பார்த்தார். பாதத்தில் ஊசியால் தொட்டார். அக்கா அசையவில்லை.

"தினமும் என்ன சாப்பிடறாங்க?"

சொன்னோம். இரத்தப் பரிசோதனையில் பி12 சத்து அறவே குறைந்திருந்தது. "எல்லா மனநோயும் சாப்பாட்டால வராது. இவங்களுக்கு இதுதான் நரம்பையும் மூளையையும் கெடுத்திருக்கு," என்றார்.

ஊசி போட்டார்கள். டாக்டரம்மா சாப்பிடச் சொன்ன முட்டையை மட்டும் அக்கா வாயில் வைக்க மறுத்தார். "நீ செத்துடுவடா." அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, எனக்காக வைத்த வேண்டுதலை நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று அம்மனிடம் உரக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து முட்டையை ஊட்டினேன். மென்று விழுங்கும்வரை, என் மூச்சு நிற்கிறதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்களில் குரல் ஓய்ந்தது. கவனம் மெல்லத் திரும்பியது. பாத மரப்பு மட்டும் கடைசிவரை நீங்கவில்லை.

"நல்லதுதான்டா. ஆனா அம்மா இனிமே வரமாட்டாங்க, இல்ல?" என்று ஒருமுறை கேட்டார்.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் எங்களோடு நலமாக வாழ்ந்து, சென்ற ஆண்டு மாரடைப்பால் காலமானார்.

ரப்பர்க் காட்டில் தேடி அலைந்த அண்டை வீட்டாருக்கும், அக்காவின் வேலையைக் காத்துத் தந்த சூப்பர்வைசருக்கும் எங்கள் நன்றி. எல்லாரினும் மேலாக, அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்ட டாக்டரம்மாவுக்கு நன்றி. ஐந்து ஆண்டுகள் அதே மேசையில் வயிறாரச் சாப்பிட்ட நாங்கள், அதைக் கேட்கவேயில்லை.