மலையேறிய தகர வீடு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு வீட்டை ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. வீடு என்றால் தகர வீடுதான். நான்கு சக்கரம், பின்பக்கம் ஒரு கதவு, ஒரு சுவரில் மேலே தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்துகிற பெரிய பலகை. யாரோ ஒருவர் டிபன் கடை வைக்கப்போவதாகச் சொல்லிச் சேதராப்பட்டில் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. பட்டறைக்காரரின் மனைவி அம்மாவோடு கான்வென்ட்டில் படித்தவள். சாரத்தில் குடியிருந்ததால் எனக்கு அவள் சாரத்து அத்தை.

அம்மாவுக்கு இன்னொரு சிநேகிதி இருந்தாள், குருசுக்குப்பத்து அத்தை. அவர்கள் வீட்டில் மீன் ஏற்றுகிற ஜீப் இருந்தது. அண்ணன்மார் இருந்தும் அதை ஓட்டுவது அவள்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கியர் போடுகிற அழகைப் பார்க்கத் தெருவில் ஆள் நிற்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே மூன்று பேரும் மலைக்குப் போகவேண்டும் என்று பேசி வந்தார்களாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உயரம் என்றால் கடற்கரையில் நிற்கிற கலங்கரை விளக்கம்தான். அதனால் அரைப்பரீட்சை லீவில் அம்மா திடீரென்று, “இந்த வாட்டி போயே தீரணும்” என்றபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. சந்தோஷமாக மட்டும் இருந்தது.

அப்பா அப்போது பாரீசில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போனில் வருவார். மலைக்குப் போவதைச் சொன்னேன். “அத்தை சொல்றத கேட்டு நடந்துக்க” என்றார். அம்மா சொல்வதைக் கேள் என்று சொல்லவில்லை. போன் லைன் கோளாறில் அது காதில் விழாமல் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

புறப்படும்போது அம்மா ஜீப்பில் முன்னால் ஏறிக்கொண்டாள். “நீ சாரத்து அத்தையோட பின்னாடி ஏறுடி. எனக்கு அதுக்குள்ள உக்காந்தா வாந்தி வரும்” என்றாள். பஸ்ஸில் கடைசி சீட்டில் ஆடிக்கொண்டே முறுக்குத் தின்கிறவள் அம்மா. ஆனால் ஓடுகிற வீட்டுக்குள் உட்கார இடம் கிடைத்த பிள்ளைக்கு அதையெல்லாம் யோசிக்க எங்கே நேரம்?

உள்ளே ஒரு மெத்தை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர்க் குடம். பலகையைத் தூக்கிக் கட்டியதும் சுவரின் பாதி திறந்துகொண்டது. விழுப்புரம் தாண்டியபின் கரும்புக் கொல்லைகளும் ஏரிகளும் அந்தத் திறப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. நாங்கள் அசையாமல் இருப்பதுபோலவும் யாரோ ஊரைத்தான் மெதுவாக இழுத்துக்கொண்டு போவதுபோலவும் இருந்தது. அத்தை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு முறுக்கு உடைத்து ஊட்டினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஊட்டத் தெரியாமல் பெரிய பெரிய துண்டாகக் கொடுத்தாள்.

கள்ளக்குறிச்சியில் ஜீப்பை ஓரம் கட்டியதுமே ஒரு கிழவர் வந்து பலகையில் முழங்கையை ஊன்றி, “சக்கர கம்மியா ஒரு டீ போடும்மா” என்றார். அத்தை திருதிருவென்று விழித்தாள். அப்புறம் நிஜமாகவே ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டாள். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். குருசுக்குப்பத்து அத்தை ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். நான் டம்ளர் கழுவினேன். வீடும் ஓடுகிறது, கடையும் ஆகிறது, இனிப் பள்ளிக்கூடத்துக்கே போகவேண்டாம் என்று தோன்றியது.

அங்கேதான் சாரத்து அத்தை என் தலையை அவிழ்த்துப் பின்னிவிட்டாள். வகிடு காதுப் பக்கமாகப் போயிருந்தது. அம்மா வந்து பார்த்தாள். அவள் கை சீப்புக்குப் போனது. எடுக்காமல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தான் பின்னியிருக்க” என்று சிநேகிதியிடம் சொன்னாள். வகிடு கோணினால் அடிக்கிற அம்மா அவள்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை தொடங்கியது. முதலில் வெயில் போயிற்று, அப்புறம் சத்தம் போயிற்று. திறப்பில் மரங்கள் தெரிந்தன, அப்புறம் மரங்களின் தலை தெரிந்தது, அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ உள்ளே வந்து என் முழங்கால்மேல் உட்கார்ந்தது. கையை நீட்டினேன், ஈரமாக இருந்தது. “மேகம்டி” என்று அத்தை காதில் சொன்னாள். சத்தமாகச் சொன்னால் போய்விடும் என்பதுபோல. எனக்குக் கண் சொருகியது.

ஒரு வளைவில் ஜீப் உறுமியது. டணார் என்று ஒரு சத்தம். ஜீப்பின் உறுமல் முன்னால் போக, நாங்கள் பின்னால் போக ஆரம்பித்தோம். இணைத்திருந்த கம்பி அறுந்துவிட்டது என்று எனக்குத் தெரியாது. வீடு தானாகவே ஊருக்குத் திரும்புகிறது என்று நினைத்தேன். குடம் உருண்டது. அத்தை என்னை இழுத்துத் தன் வயிற்றோடு அமுக்கிக்கொண்டு, முதுகைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தடாலென்று மோதி நின்றது. பாதையின் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு. எங்கள் நல்லகாலம், வீடு மண்மேட்டில் சாய்ந்திருந்தது.

பனிக்குள்ளிருந்து அம்மா ஓடிவந்தாள். காலில் செருப்பில்லை. கதவைப் பிடுங்கித் திறந்து இரண்டு கையையும் நீட்டினாள். எங்கிருந்தோ அழுகை வந்து, நான் சாரத்து அத்தையின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அம்மாவின் கைகள் அப்படியே நின்றன.

“பெத்தவகிட்ட போடி கண்ணு” என்றாள் அத்தை.

“வேணாம். உங்கிட்டயே இருக்கட்டும்” என்றாள் அம்மா. கையை இறக்கிக்கொண்டாள். “அடி எதுவும் படலியே?”

“அவளுக்கு ஒண்ணுமில்ல.”

அம்மா திரும்பி, இறக்கத்தில் அடுத்த வளைவு வரைக்கும் நடந்து போனாள். பனி அவளை இடுப்புவரை மூடியது, அப்புறம் முழுசாக. குருசுக்குப்பத்து அத்தை பின்னாலேயே போனாள். ஜீப்பைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஜீப் எதிர்ப்பக்கம், மேலே நின்றிருந்தது.

வெகு நேரம் கழித்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. அதில் இருந்தவர்கள் இறங்கி, சங்கிலி போட்டு, தகர வீட்டை வெள்ளிமலைவரை இழுத்துவந்து விட்டார்கள். அங்கேயே இரண்டு நாள் இருந்தோம். காலையில் பலகையைத் தூக்கினால் மலை இருக்கும், சில நேரம் பனி மூடி இருக்காது. மூன்று சிநேகிதிகளும் தோளில் கைபோட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுப் பாட்டு ஒன்றைப் பாதி மறந்தபடி பாடினார்கள். நான் சாரத்து அத்தையோடு குளித்தேன், அவள் பக்கத்திலேயே தூங்கினேன். அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பொங்கல் முடிந்ததும் அம்மா பாரீசுக்குப் போனாள். அப்பா இருந்த அறையில் இரண்டு பேர் படுக்கத்தான் இடம். அம்மாவும் வேலைக்குப் போய், வேறு வீடு பார்த்து, என்னைக் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை நான் சாரத்தில். அந்த ஏற்பாடு மலைக்குப் போவதற்கு முன்பே முடிவாகியிருந்தது என்பதைச் சாரத்து அத்தை சொல்லி, பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மலையிலிருந்து இறங்கும்போது தகர வீட்டை வெள்ளிமலையிலேயே விட்டுவிட்டு எல்லாரும் ஜீப்பில் வந்தோம். அம்மா என்னை மடியில் வைத்திருந்தாள். அந்த வளைவு தாண்டியதும் குனிந்து கேட்டாள்.

“அன்னிக்கு வண்டி பின்னாடி போச்சே, நான் பக்கத்துல இல்லாம பயந்துட்டியாடி?”

“இல்லவே இல்ல. அத்த இருந்தாங்கல்ல?”

தைரியமான பிள்ளை என்று மெச்சுவாள் என எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்தேன். “நல்ல பொண்ணு” என்று தலையைத் தடவினாள். மெச்சிவிட்டாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மலை ஏறி இறங்கியதில் களைத்துப்போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.