ரஹ்மத் மாமி எழுப்பிய குதிரை

கோடவுனுக்குள் நுழைந்ததும், மூலையிலிருந்து முறத்தில் சுக்கு புரளும் சத்தம் வரவில்லை என்பதைத்தான் முதலில் கவனித்தேன். ரஹ்மத் மாமி எப்போதும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். ஷீஜா சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மாமி மரிச்சு போயி மோளே. புலர்ச்சைக்கு. நெஞ்சு வேதனை.”

மட்டாஞ்சேரியில் சுக்கு தரம் பிரிக்கும் கோடவுன் அது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நான் அங்கே வந்தபோது, யார் என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவேன். மற்றவர்கள் சிரித்தார்கள். மாமி தம் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, “இங்க இரி. இந்த வேலைக்குக் கை போதும், வாய் வேணாம்” என்றார்.

மாமியிடம் ஒரு தமிழ்க் காமிக்ஸ் இருந்தது. பொட்டலம் கட்ட வந்த பழைய தாள்களுக்கு நடுவே அவர் கண்டெடுத்தது. அட்டை இல்லை. நீளவாட்டுப் புத்தகம், பக்கத்துக்கு ஒரே வரிசையில் மூன்று படங்கள், மிகக் கொஞ்சம் எழுத்து. ஏதோ ஒரு கோள், சிவப்பு மணல், வானத்தில் இரண்டு நிலா. தொப்பி வைத்த ஒருவன், அவனுடைய குதிரை, ஊரின் தண்ணீரைத் திருட வரும் கும்பல். இவ்வளவுதான். அங்கே மூச்சுவிடக் காற்று இல்லாததால் குதிரையின் தலைக்கும் ஒரு கண்ணாடிக் குடம் கவிழ்த்திருந்தது.

“குதிரைக்கும் ஹெல்மெட்டோ? அவிடேயும் போலீஸ் பிடிக்குமோ மாமி?” என்பார் ஷீஜா சேச்சி.

மாமிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சிறு வயதில் ஓதப் போனபோது கற்ற, வலமிருந்து இடமாக ஓடும் அரபி எழுத்து மட்டுமே தெரியும். அதனால் புத்தகத்தை வலப்பக்கமிருந்து திறப்பார். படங்களையும் வலமிருந்து இடமாகவே பார்ப்பார். சாயா நேரத்தில் அவர் சொன்ன கதை அப்படித்தான் தொடங்கும்: “இவன் மண்ணத் தோண்டுறான். உள்ள குதிர கிடக்கு. தோண்டத் தோண்ட அது எந்திரிக்குது பாரு!” பிறகு சண்டை. குண்டுகள் எல்லாம் துப்பாக்கிக்கே திரும்பிவிடும். கடைசியில் குதிரையும் அவனும் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாவார்கள்.

“நம்மளப் பார்த்துக்கிட்டேல்லா பின்னால போறான்,” என்பார் மாமி.

“குதிரைக்கு ரிவர்ஸ் கியர் உண்டோ மாமி?”

“விட்டுட்டுப் போக மனசில்லன்னா அப்படித்தான்டீ போவாங்க.”

எனக்கு மலையாளம் நன்றாக வரும். வீட்டில் பேசும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒருநாள் மாமியும் நானும் மட்டும் இருந்தபோது, அந்தப் புத்தகத்தை முன்னாலிருந்து படித்துப் பார்த்தேன். தூரத்தில் புள்ளியாக வருகிறவன் ஊரைக் காப்பாற்றுகிறான். குதிரை சாகிறது. அவன் அதைப் புதைக்கிறான். மாமியிடம் மெதுவாகச் சொன்னேன்.

தமக்கு முதல் படமான அந்தக் கடைசிப் படத்தை மாமி வெகுநேரம் பார்த்தார். அதில் அவன் முகம் தெரியாது. தொப்பி, மண்வெட்டி, நிழல், அவ்வளவுதான். அவன் தோண்டுகிறானா மூடுகிறானா என்று படத்தை மட்டும் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. வரைந்தவர் ஒரு கோட்டைக்கூட அதிகமாகப் போடவில்லை. அதனால்தான் அந்தக் கதை இரண்டு பக்கமிருந்தும் ஓடியது என்று இப்போது நினைக்கிறேன்.

“எழுத்து அப்படியா சொல்லுது? சொல்லிட்டுப் போகட்டும்,” என்றார் மாமி. அவருடைய கணவரும் மூத்த மகளும் முன்பே இறந்துபோனவர்கள். “மண்ணுக்குள்ள போட்டதெல்லாம் எனக்குப் போதும் மோளே.”

அடுத்த நாளும் அவர் குதிரையை மண்ணிலிருந்து எழுப்பித்தான் தொடங்கினார்.

மாமி இறந்த அன்று சுள்ளிக்கல்லில் இருந்த அவர் வீட்டுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். வெள்ளைத் துணிக்குள் அவர் முகம் மிகவும் சிறியதாக இருந்தது. ஆண்கள் அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் திரும்பினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். மண் போட்டதை நான் பார்க்கவில்லை.

நேற்று, மாமி இல்லாத முதல் சாயா நேரம். ஷீஜா சேச்சி மாமியின் சாக்குக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

“நினக்கு தமிழ் வருமல்லோ. இதில எழுதியதெல்லாம் ஒண்ணு வாயிச்சு தா மோளே. மாமி சொன்ன கத தன்னெயல்லே இது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதியிருப்பதை அப்படியே படித்தால் குதிரை மண்ணுக்குள் போய்விடும். அத்தனை பேர் நடுவில் நான் அதுவரை வாயைத் திறந்ததில்லை.

புத்தகத்தை வலப்பக்கமிருந்து திறந்தேன். ஓரத்துப் படத்தில் விரலை வைத்தேன்.

“இவன் மண்ணத் தோண்டுறான் சேச்சி,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.