எட்டு டொலர் ரஷ்யப் பெட்டியும் என்ர வாயும்

இண்டைக்கு லாசாலில ஒரு சேர்ச் பேஸ்மென்ற்றில பழைய சாமான் விற்பனை. நானும் மனுசியும் போனனாங்கள்.

மேசையில உள்ளங்கையளவில ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளுக்குச் சிவப்பு. மூடியில மூண்டு குதிரை பூட்டின பனிவண்டி. "ரஷ்யப் பெட்டி, அச்சுப்படம், எட்டு டொலர்" எண்டு பிரெஞ்சில எழுதி ஒட்டியிருந்துது.

அச்சுப்படமோ? இருபத்திரண்டு வருசமா அச்சகத்தில நிறம் பார்க்கிற ஆளிட்டயோ இந்தக் கதை?

சட்டைப் பையில எப்பவும் கிடக்கிற பூதக்கண்ணாடியை எடுத்தன். அச்செண்டால் புள்ளி புள்ளியாத் தெரியும். இதில ஒரு புள்ளியும் இல்லை. குதிரைப் பிடரியில தூரிகை இழுத்த கோடுகள், தலைமயிரை விட மெல்லிசு. பெட்டியும் பாரமில்லை, மரமில்லை, கடதாசிக் கூழில செய்தது. கீழ் ஓரத்தில பொன்னெழுத்தில வரைஞ்சவரின்ர கையொப்பம்.

என்னால சும்மா நிக்க ஏலாமல் போச்சு.

"மதாம், இது அச்சில்லை, கையால வரைஞ்சது! சில நூறு டொலர் பெறும்!" எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில, எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னன்.

விற்கிற அம்மா "மெர்சி, மெர்சி" எண்டு நன்றி சொல்லிப் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டா. சுத்தி நிண்ட சனம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிண்டன்.

பேந்துதான் திரும்பிப் பார்த்தன். மனுசி கையில எட்டு டொலரோட நிண்டவ.

வாற சனியும் வந்து சாமான் பார்த்துத் தரச்சொல்லி அந்த அம்மா கேட்டிருக்கிறா. மனுசி சொல்லுறா, "கண்ணாடியைக் கொண்டு போங்கோ, வாயை வீட்டில வைச்சிட்டுப் போங்கோ."

நான் ரண்டையும் கொண்டுதான் போறன். ஆர் வாறியள்?